இடப்பக்கம் இழுக்கும் ஊர்

ஊசிமேட்டில் காமுத்தாயோடு யாரும் பேசுவதில்லை, ஆனால் அவளுடைய வண்டியில் ஏறாமல் யாரும் மலையிறங்கவும் முடியாது, ஆகவே விடிந்ததும் பீன்ஸ் மூட்டைகளும் சௌசௌ மூட்டைகளும் ஏறிய பிறகு அவற்றின் மேல் ஊர் ஏறி உட்கார்ந்துகொள்ளும், உட்கார்ந்தவர்கள் அவள் தலையைப் பார்க்காமல் பள்ளத்தைப் பார்த்துக்கொண்டு வருவார்கள், கீழே பெரியதுறைச் சந்தையில் இறங்கும்போது வண்டியின் பக்கவாட்டுப் பலகையைத் தட்டி, வண்டியிடம் சொல்வதுபோல "வர்றோம்" என்று சொல்லிவிட்டுப் போவார்கள்.

எஸ்டேட்டை விற்றுவிட்டுக் கப்பலேறிய ஒரு துரை விட்டுப்போன பிக்கப் அது. நீண்ட மூக்கும் உருண்டை விளக்குகளும் கொண்டது. ஒரு காலத்துப் பச்சை வெளுத்துப் பாசி நிறமாகிவிட்டிருந்தது. ஸ்டியரிங் முறம் அளவுக்கு இருக்கும், அதைத் திருப்ப ஓர் ஆளின் முழு உடம்பும் வேண்டும், நேராகப் பிடித்தாலும் நேராகப் போகாது, இடப்பக்கம் இழுக்கும். பிரேக்கை ஒருமுறை மிதித்தால் ஒன்றும் நடக்காது, இரண்டாவது மிதிக்கு யோசிக்கும், மூன்றாவது மிதிக்குத்தான் பிடிக்கும். காமுத்தாயின் புருஷன் ஒச்சப்பன் உயிரோடு இருந்தவரை அந்த இழுப்பையும் அந்த மூன்று மிதியையும் தெரிந்து ஓட்டினான், பிறகு ஒருநாள் கழுகுமுனை வளைவில் பாரத்தோடு இறங்கும்போது வண்டி இடப்பக்கப் பள்ளத்துக்குள் போனது, மூன்றாவது மிதிக்கு அவனுக்கு நேரம் கிடைக்கவில்லை. வண்டியை ஓர் ஈட்டி மரம் பிடித்துக்கொண்டது. ஒச்சப்பனையும் மூட்டைகளின் மேல் இருந்த மூன்று பேரையும் எதுவும் பிடிக்கவில்லை. அந்த மூவரில் ஒருவன் வீரணன், காய்கறிக் கமிஷன் ஷெட் வைத்திருக்கும் ராசாங்கத்தின் உடன்பிறந்த தம்பி.

ஒச்சப்பன் குடித்திருந்தான் என்று ராசாங்கம் சொன்னார். தம்பியின் பாடைக்கு முன்னால் நின்று சொன்னதால் யாரும் மறுத்துப் பேசவில்லை, மறுத்துப் பேசாததால் அதுவே உண்மையாகிவிட்டது, குடிகாரனின் பொண்டாட்டியோடு பேசுவதை ஊர் நிறுத்திக்கொண்டது. ஆனால் வேறு வண்டிக்காரர்கள் எவரும் கழுகுமுனைக்கு மேலே வண்டி அனுப்பச் சம்மதிக்கவில்லை, பெரிய லாரிகள் அந்த வளைவுகளில் திரும்பாது, ஆகவே காமுத்தாய் சங்கிலி கட்டி வண்டியை மேலே இழுத்து, நசுங்கியதைத் தட்டி நிமிர்த்தி, தானே ஓட்டக் கற்றுக்கொண்டபோது ஊர் அதையும் தடுக்கவில்லை. அவள் ஓட்டினாள், அவர்கள் ஏறினார்கள், இரண்டு பக்கமும் வெறுப்பு அப்படியே இருந்தது. அதுவரை ராசாங்கத்தை அண்ணே என்று கூப்பிட்டவள் அதற்குப் பிறகு அவரை எந்த முறை வைத்தும் கூப்பிடவில்லை.

பல வருஷம் அப்படியே போனது. இழுக்கிற வண்டியை வலப்பக்கம் பிடித்துப் பிடித்து அவளுடைய ஒரு தோள் மற்றதைவிடத் திரண்டுவிட்டது. ஒரு மழைக்காலத்துக் காலையில், கழுகுமுனையில், ஸ்டியரிங் அவள் கையிலிருந்து உருவிக்கொண்டு இடப்பக்கம் சுற்றியது. அவள் எழுந்து நின்று இரண்டு காலாலும் பிரேக்கை மிதித்தாள். முன் சக்கரம் பள்ளத்தின் விளிம்புக் கல்லில் முட்டி நின்றது, மேலே இருந்த சிட்டம்மாளின் வெற்றிலைப் பெட்டி மட்டும் பள்ளத்துக்குள் போனது. டீக்கடைக்காரி சிட்டம்மாள் சந்தை வரைக்கும் அந்தப் பெட்டிக்காக முனகிக்கொண்டு வந்தாள். காமுத்தாய் மூட்டைகளை இறக்கியதும் மலையேறவில்லை. வண்டியை நேராக உதுமான் ராவுத்தர் பட்டறைக்கு விட்டாள்.

உதுமான் ராவுத்தர் சிடுசிடுப்பான ஆள். வண்டியைச் சுற்றி வந்து, கீழே படுத்துப் பார்த்து, எழுந்து கையைத் துடைத்துக்கொண்டு, இதை ரிப்பேர் பண்ண முடியாது, மாற்றத்தான் முடியும் என்றார். பழைய ஸ்டியரிங் பாக்ஸைக் கழற்றிவிட்டுப் புது வண்டிகளில் வருகிற பவர் ஸ்டியரிங்கைப் பொருத்த வேண்டும், அதற்கு வண்டியின் அடிச்சட்டத்தில் துளை போட்டுத் தாங்கி வெல்டிங் வைக்க வேண்டும், முன் சக்கரங்களின் டிரம்மைத் தூக்கிவிட்டு டிஸ்க் பிரேக் போட வேண்டும், மிதி லேசாக இருக்க ஒரு பூஸ்டரும் வேண்டும், சாமான்கள் வெளியூரிலிருந்து வர வேண்டும், அதுவரை வண்டி நிற்க வேண்டும்.

"நிக்கட்டும் பாய்," என்றாள் காமுத்தாய்.

வண்டி நின்றது. அது பீன்ஸ் காய்ப்பின் உச்சம். மேலே மூட்டைகள் ஷெட்டில் அடுக்கப்பட்டு, வியர்த்து, மஞ்சளாகி, பிறகு கறுத்து நாறின, அந்த நாற்றம் ஊரின் எல்லா வீட்டுச் சோற்றிலும் கலந்தது. ஆண்கள் தலைச்சுமையாக இறக்கிப் பார்த்தார்கள், சந்தை சேர்வதற்குள் பாதி வெந்துவிட்டது. காமுத்தாயின் வீட்டுக் கதவில் அழுகின பீன்ஸைக் கொட்டினார்கள், கூரையில் கல் விழுந்தது, தண்ணீர்க் குழாயில் அவள் குடம் வைத்தால் மற்றக் குடங்கள் முன்னால் நகர்ந்தன. அவள் பட்டறைக்கும் வீட்டுக்குமாக நடந்தாள், ஒருவரிடமும் சமாதானம் சொல்லவில்லை. ராசாங்கம் மட்டும் ஒருநாள் வழியை மறித்து, உன் புருஷன் ஊரைக் கொன்றான், நீ ஊரைப் பட்டினி போடுகிறாய் என்று சொன்னார். அவள் அவரைச் சுற்றிக்கொண்டு போனாள்.

வேலை முடிந்த அன்று உதுமான் ராவுத்தர் பழைய ஸ்டியரிங் பாக்ஸையும் டிரம்களையும் வண்டியின் பின்னால் தூக்கிப் போட்டு, பட்டறையில் இடமில்லை, உன் இரும்பை நீயே வைத்துக்கொள் என்றார். அவள் வண்டியை எடுத்தாள். ஒரு விரலால் திரும்பியது. ஒரு மிதிக்கு நின்றது. கழுகுமுனையை ஏறும்போது அவளுடைய திரண்ட தோளுக்கு வேலையே இல்லை, அது பழக்கத்தில் விறைத்து விறைத்து ஓய்ந்தது. வீட்டுக்கு வந்து பழைய சாமான்களை மாட்டுக்கொட்டத்தில் தள்ளிவிட்டுப் படுத்தாள்.

மறுநாள் காலையில் ஊர் எழுந்து நடந்தபோது ஊர் இடப்பக்கம் இழுத்தது.

முதலில் சிட்டம்மாள் கடையைத் திறக்கப் போனவள், பக்கத்து உரக்கடையின் பூட்டில் சாவியைப் போட்டு வெகுநேரம் திருகினாள். குளிக்கப் போனவர்கள் ஓடைக்கு இடப்பக்கம் இருந்த முட்புதரில் போய் நின்றார்கள். ஊசிமேட்டுக்கு ஒரே தெரு, அது மலையின் விலாவில் போகிறது, இறக்கத்தைப் பார்த்து நடந்தால் இடப்பக்கம் பள்ளம், ஏற்றத்தைப் பார்த்து நடந்தால் இடப்பக்கம் பாறைச் சுவர், ஆகவே மேலே போனவர்கள் தோளைச் சிராய்த்துக்கொண்டு போனார்கள், கீழே போனவர்கள் விளிம்புக்கு வந்ததும் உட்கார்ந்து, தவழ்ந்து, மறுபடி நடுத்தெருவுக்கு வந்து நடந்தார்கள். மத்தியானத்துக்குள் யாரோ ஒருவர் வழி கண்டுபிடித்தார்: முகத்தை ஏற்றத்துக்குக் காட்டிக்கொண்டு பின்னால் பின்னாலேயே நடந்து இறங்கினால் இழுப்பு பாறைப் பக்கம் போய்விடும், ஆபத்தில்லை. அன்று முதல் ஊசிமேட்டுக்காரர்கள் இறக்கத்தில் பின்பக்கமாக நடந்தார்கள், கொஞ்ச நாளில் அதிலே வேகமும் வந்துவிட்டது.

அது அந்த வண்டியில் ஒருமுறையாவது ஏறிய எல்லோரையும் பிடித்தது. ஆடுகளைப் பிடிக்கவில்லை, ஏனென்றால் வண்டியில் ஏறிய எந்த ஆடும் சந்தையிலிருந்து திரும்பி வந்ததில்லை. பள்ளிக்கூட வாத்தியாரின் எழுத்து பலகையில் இடப்பக்கமே குவிந்து ஒன்றின் மேல் ஒன்று ஏறியது, பிள்ளைகளும் அப்படியே எழுதிப் படித்தார்கள். அம்மன் கோயிலில் வலம் வர முடியவில்லை, கால் இடமாகவே சுற்றியது, பூசாரி இரண்டு நாள் பார்த்துவிட்டு, அம்மனுக்கு எல்லாப் பக்கமும் முகம்தான் என்று சொல்லி எதிர்ச்சுற்றாகவே வரச் சொல்லிவிட்டார். கொத்தனார் கட்டிய புதுச்சுவர் சாய்ந்தது, அதைச் சாய்வாகவே பூசினார். சாப்பாட்டுக் கை இடப்பக்கத்தவரின் இலைக்குப் போனது, ஆகவே பந்தியில் எல்லோரும் தங்கள் இடப்பக்கத்தவரின் சோற்றைத் தின்றார்கள், இடக்கோடியில் இருந்தவரின் கை வெறுந்தரையில் விழுந்தது, அங்கே உட்கார மாட்டேன் என்று சண்டை வந்தது.

காமுத்தாய் மட்டும் நேராக நடந்தாள். அவளையும் அது இழுத்தது, ஆனால் அவள் உடம்பு அந்த இழுப்புக்கு எதிராக நிற்க வருஷக்கணக்கில் பழகியிருந்தது, தோளை லேசாக விறைத்துக்கொண்டு தெரு நடுவே குடத்தோடு போனாள். எப்படி என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் அவள் சொல்லியிருக்க மாட்டாள்.

கால் இழுத்ததை ஊர் சகித்துக்கொண்டது. நாக்கும் இழுத்ததைத்தான் சகிக்க முடியவில்லை.

எந்தப் பேச்சைத் தொடங்கினாலும் அது நாலு வார்த்தை நேராகப் போய்விட்டு இடப்பக்கம் திரும்பி, கழுகுமுனைக்குப் போனது, மறைக்க ஒன்றுமில்லாத காமுத்தாயின் நாக்கு மட்டும் திரும்பவில்லை. பிள்ளையின் காய்ச்சலைப் பற்றிப் பேச வாயெடுத்தவள், அந்தக் காலையில் கிளம்பும் முன்னால் ஒச்சப்பன் வண்டிக்கு அடியில் படுத்து எதையோ முடுக்கிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன் என்று முடித்தாள். உரக்கடைக்காரர் யூரியா தீர்ந்துவிட்டது என்று சொல்ல வந்து, எல்லோரும் சேர்ந்துதான் வண்டியை எடு எடு என்று அவனை விரட்டினோம் என்றார். தொடங்கிய பேச்சை நிறுத்தவும் முடியவில்லை. வாயை மூடினால் மூடாது, இரண்டாவது தடவைக்கு யோசிக்கும், மூன்றாவது தடவைக்குள் எல்லாம் வெளியே வந்துவிட்டிருக்கும். சிட்டம்மாள் ஒருநாள் காலையில் கடை நிறையக் கூட்டம் இருக்கையில், சர்க்கரை போடவா என்று கேட்கத் தொடங்கி, ஒச்சப்பன் அன்றைக்கு என் கடையில் கடுங்காப்பி மட்டும்தான் குடித்தான், அவன் வாயில் ஒரு வாடையும் இல்லை, கேட்டபோது நான் எனக்குத் தெரியாது என்று சொன்னேன், தெரியும், தெரியும் என்று சொல்லிக்கொண்டே எல்லா டம்ளர்களிலும் சர்க்கரையைக் கொட்டினாள்.

அதன் பிறகு வீட்டுக்கு வீடு சண்டை. நீதானே சொன்னாய், நீ சொல்லவில்லையா, உன் அப்பன் சொல்லவில்லையா. புருஷன்கள் பொண்டாட்டிகளுக்குப் பயந்து வெளியே படுத்தார்கள், வெளியே படுத்தவர்கள் ஒருவரோடொருவர் பேசிக்கொண்டு அடித்துக்கொண்டார்கள். வண்டியில் ஏறும்போது வாய் நிறைய வெற்றிலையை அடைத்துக்கொண்டார்கள், காமுத்தாயின் காதில் ஒரு வார்த்தையும் விழுந்துவிடக் கூடாது என்று. விழாமல் இருக்குமா. மூட்டைகளின் மேலிருந்து வெற்றிலைச் சாற்றோடு துண்டு துண்டாக அது வந்துகொண்டுதான் இருந்தது, அவள் ஒரு விரலால் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு கேட்டுக்கொண்டே போனாள். கேட்கக் கேட்க அவளுக்கு இரக்கம் வரவில்லை. அவர்களுக்குத் தெரிந்திருந்தது, எல்லோருக்கும் தெரிந்திருந்தது, தெரிந்தே அவள் குடத்தைப் பின்னால் நகர்த்தினார்கள் என்பதுதான் ஒவ்வொரு வளைவிலும் அவள் நெஞ்சில் ஏறியது.

ராசாங்கம் ஒருவர் மட்டும் பேசவே இல்லை. முதல்நாள் காலையில் மகன் பாண்டிச்செல்வத்திடம் எடைக்கல்லை எடு என்று சொல்ல வாயைத் திறந்தவர், தன் நாக்கு எங்கே திரும்பப் போகிறது என்பது தெரிந்த கணத்தில், இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டார். பல்வலி என்று சைகை காட்டி, துண்டால் தாடையைச் சேர்த்துக் கட்டிக்கொண்டார். துண்டோடு ஷெட்டுக்கு வந்தார், துண்டுக்கடியில் கஞ்சியை உறிஞ்சினார், விலையைக் கைவிரலால் காட்டினார், வியாபாரிகள் அவரை ஏமாற்றினார்கள். தூக்கத்தில் பேசிவிடுவோம் என்று பயந்து தூங்கவுமில்லை. கண் குழிவிழுந்து, மெலிந்து, சுவரைத் தேய்த்துக்கொண்டு நடந்த அந்த மனிதருக்குள் வெறுப்பு மட்டும்தான் தின்று கொழுத்தது.

ஒருநாள் விடியற்காலையில் அவர் ஆட்களோடு காமுத்தாய் வீட்டுக்கு வந்தார். வெளியூர் மெக்கானிக்குகள் இரண்டு பேரைப் பைக்கில் வரவழைத்திருந்தார். ஊர் பின்னால் நின்றது. எந்த இரும்பு வண்டியிலிருந்து இறங்கியதோ அதோடுதான் இது ஊர்மேல் ஏறியது, இரும்பை மறுபடி வண்டியில் ஏற்றிவிட்டால் இதுவும் ஏறிவிடும் என்பதை யாரும் யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை. கொட்டத்திலிருந்து பழைய சாமான்களைத் தூக்கினார்கள். காமுத்தாய் வண்டிக்கு முன்னால் போய் நின்றாள்.

"இதுல கை வச்சா, ஓட்டுறதுக்கு வேற ஆளைப் பாத்துக்கங்க," என்றாள்.

அவளைக் கையைப் பிடித்து விலக்கினார்கள். வண்டி இடப்பக்கம் இடப்பக்கமாகத் தள்ளப்பட்டு, பாறைச் சுவரில் உரசி, எப்படியோ ஷெட்டுக்குப் போய்ச் சேர்ந்தது. பகல் முழுக்க வேலை நடந்தது. அவள் எதிரே ஒரு கல்லில் உட்கார்ந்து, டிஸ்க்குகள் கழற்றப்படுவதையும் டிரம்கள் ஏறுவதையும் பூஸ்டர் மண்ணில் வைக்கப்படுவதையும் ஸ்டியரிங் பாக்ஸ் பழைய துளைகளில் போய் உட்காருவதையும் பார்த்துக்கொண்டிருந்தாள். யாரோ ஒருத்தி தண்ணீர் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தாள். அவள் அதைத் தொடவில்லை.

கடைசி போல்ட் இறுகியதும் ஊர் நிமிர்ந்தது. சாய்ந்து நின்றவர்கள் ஒரே நேரத்தில் நேராக நின்றார்கள், ஒரு மூதாட்டி பிடிமானம் இல்லாமல் வலப்பக்கம் விழுந்தாள். ராசாங்கம் துண்டை அவிழ்த்தார். தாடையை அசைத்துப் பார்த்தார். "டீ" என்றார். பேச்சு அங்கேயே நின்றது. எங்கேயும் திரும்பவில்லை. ஊர் ஒருமுறை பெருமூச்சு விட்டது, அன்று சாயங்காலம் எல்லோரும் தெருவில் முன்பக்கமாக நடந்து பார்த்தார்கள், நினைத்ததை மட்டும் பேசினார்கள், நினைத்ததை மட்டும் மறைத்தார்கள். ஒச்சப்பனைப் பற்றி யாரும் வாய்தவறிக்கூட ஒன்றும் சொல்லவில்லை.

காலையில் மூட்டைகள் ஏறின. ஓட்ட ஆளில்லை.

காமுத்தாயை யாரும் கேட்கவில்லை, கேட்டுப் பயனில்லை என்பது தெரியும். பெரியதுறையிலிருந்து ஒரு டிரைவரைக் கூட்டி வந்தார்கள், அவன் வண்டியைத் தெருக்கோடி வரை ஓட்டினான், ஸ்டியரிங் இழுத்த இழுப்பில் முகம் வெளுத்து, அணைத்துவிட்டு இறங்கி, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தே மலையிறங்கிப் போய்விட்டான். இன்னொருவன் வந்து டயரைத் தட்டிப் பார்த்ததோடு சரி. மூட்டைகள் மறுபடி வியர்க்கத் தொடங்கின. ராசாங்கத்துக்கு வாய் கிடைத்துவிட்டதால் அவர் எல்லோரையும் ஏசினார், ஆம்பிளைகள் இல்லாத ஊர் என்றார், ஒரு பொம்பளை ஓட்டின வண்டி என்றார். அந்தப் பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்த பாண்டிச்செல்வம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, நான் ஓட்டுகிறேன் என்று ஏறி உட்கார்ந்தான். டிராக்டர் ஓட்டிப் பழகியவன். ராசாங்கம் வேண்டாம் என்று சொல்ல முடியாதபடி, ஒரு நிமிஷத்துக்கு முன்னால்தான் அவ்வளவும் பேசியிருந்தார்.

வண்டி கிளம்பியது. ஷெட்டை விட்டு வெளியே வந்ததுமே அது இடப்பக்கம் போயிற்று, அவன் இழுத்துப் பிடித்தான், மிதித்தான், மறுபடி மிதித்தான், அது நகர்ந்துகொண்டே இருந்தது. அப்போது அவன் அம்மா ஈசுவரி வீட்டு வாசலிலிருந்து ஓடிவந்து, வண்டிக்கு முன்னால் தெருவில் மல்லாந்து படுத்துவிட்டாள். மூன்றாவது மிதிக்கு வண்டி நின்றது. பம்பரின் நிழல் அவள் நெஞ்சில் விழுந்தது.

யாரும் அவளைத் தூக்கப் போகவில்லை. அவளே முழங்கையை ஊன்றி எழுந்து, முதுகில் ஒட்டிய மண்ணோடு புருஷனைப் பார்த்தாள். கல்யாணமான நாளிலிருந்து தெருவில் நின்று அவரோடு பேசியறியாதவள்.

"ஏங்க, அந்தக் கோளாறு நம்ம மேல இருந்தப்ப கல்லுல முட்டுனோம், சண்டை போட்டோம், ஒரு உசுரு போகல. வண்டியில இருந்தப்ப நாலு பேரு போனாங்க. இப்ப எம் புள்ளைய அதுக்குள்ள உக்கார வச்சிருக்கீங்க. நம்ம மேலயே இருந்துட்டுப் போகட்டும்."

அது நாக்கு திரும்பி வந்த பேச்சில்லை, அவள் யோசித்து நேராகச் சொன்னது. அதனால்தான் ஊருக்கு அதை உதற முடியவில்லை. உரக்கடைக்காரர் தலையைக் குனிந்தார். சிட்டம்மாள், ஆமாம் என்றாள். வீரணனோடு செத்த மற்ற இருவரின் வீட்டார் கூட்டத்தில் இருந்தார்கள், அவர்களும் ஆமாம் என்றார்கள். பின்பக்கமாக நடப்பது பழகிவிட்டது, எதிர்ச்சுற்றும் பழகிவிட்டது, பந்திக்கு இலையைத் தள்ளிப் போட்டுக்கொள்ளலாம் என்று ஒவ்வொருவராகச் சொன்னார்கள். நாக்கைப் பற்றி மட்டும் யாரும் சொல்லவில்லை. அதுவும் சேர்ந்துதான் வரும் என்பது தெரிந்தே சொல்லாமல் இருந்தார்கள்.

காமுத்தாய் வீட்டுக்குப் போனார்கள். ஈசுவரிதான் பேசினாள், புதுச் சாமான்களையே மறுபடி மாட்டிவிடலாம், நீதான் ஓட்ட வேண்டும் என்றாள். காமுத்தாய் வாசலுக்கு வந்து, உள்ளே வாருங்கள் என்று சொல்லாமல், கதவில் சாய்ந்து கேட்டாள்.

"கழட்டுனவங்களே மாட்டட்டும் மதினி," என்றாள். "நான் கை வைக்க மாட்டேன். கடைசி போல்ட்ட அவரு முறுக்கணும். துண்டு கட்டாம."

"அது பழிக்கா?" என்று கேட்டாள் ஈசுவரி.

"பழிக்குத்தான்," என்றாள் காமுத்தாய்.

ராசாங்கம் மாட்டேன் என்றார். மகன் வண்டியை விட்டு இறங்காமல் உட்கார்ந்திருந்தான். நீங்கள் முறுக்காவிட்டால் நான் இப்படியே ஓட்டிக்கொண்டு போகிறேன் என்றான். ராசாங்கம் அவனைப் பார்த்தார், வண்டியின் மூக்கைப் பார்த்தார், தெருவில் அசையாமல் நின்ற கூட்டத்தைப் பார்த்தார். அத்தனை முகங்களில் ஒன்றிலும் அவர் மேல் பிரியம் இல்லை. ஈசுவரி வந்து அவர் தோளிலிருந்து துண்டை எடுத்துக்கொண்டு போனாள்.

மெக்கானிக்குகள் திரும்ப வந்து, இரவு முழுக்க இருந்து பழையதைக் கழற்றி, புதுச் சாமான்களை மறுபடி மாட்டினார்கள். பிரேக் ஆயிலை ஊற்றி, காற்றை வெளியேற்றி, மிதித்துப் பார்த்து, ஸ்டியரிங் பாக்ஸின் கடைசி போல்ட்டை மட்டும் தளர்வாக விட்டு, விடிந்ததும் ஸ்பேனரை ராசாங்கத்தின் கையில் கொடுத்தார்கள். அவர் வண்டிக்கடியில் படுத்தார். அவர் கால்கள் மட்டும் வெளியே தெரிந்தன. வெகுநேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு ஸ்பேனர் இரும்பில் நெரிபடும் சத்தம் கேட்டது, தெருவில் நின்ற எல்லோரும் ஓர் அடி இடப்பக்கம் சாய்ந்து, ஒருவர் மேல் ஒருவர் இடித்து, நின்றார்கள்.

ராசாங்கம் வெளியே வந்தார். வாயை இறுக்கியிருந்தார். காமுத்தாய் ஓட்டுநர் இருக்கையில் ஏறி உட்கார்ந்து எஞ்சினைப் போட்டாள். கதவைத் திறந்து, பக்கத்து இருக்கையைக் காட்டினாள். அவர் வேறு வழியில்லாமல் ஏறினார். மூட்டைகளின் மேல் ஊர் ஏறியது. வண்டி தெருவை விட்டு இறங்கி முதல் வளைவைத் திரும்பும்போது, வியாபாரம் அவருக்கு நாக்கில் ஊறிய பழக்கம், அன்றைக்குச் சரக்கு நேரத்தோடு போய்ச் சேருமா என்ற கவலை, அவரையும் மீறி வாய் திறந்துவிட்டது.

"மத்தியானத்துக்குள்ள சரக்கு எறங்கணும்," என்றார். பேச்சு நிற்கவில்லை.

மத்தியானத்துக்குள் இறங்க வேண்டும் என்றுதான் அன்றைக்கும் சொன்னேன் என்றார். விடியும் முன்னால் உன் புருஷன் கிரீஸ் கையோடு என் வாசலுக்கு வந்தான், இழுப்பு கூடிப்போச்சுண்ணே, பிரேக்கும் சரியில்லை, ரெண்டு நாள் பட்டறையில் விடணும் என்றான், நான் ரெண்டு நாளில் பீன்ஸ் அழுகும் என்றேன், அவன் தயங்கினான், நீ எடுக்காவிட்டால் இனி உன் வண்டியில் ஒரு மூட்டை ஏறாது என்றேன், அவன் மறுபடி தயங்கினான், நீ பயந்தவன், உன் வண்டியில் என் தம்பியையே ஏற்றி அனுப்புகிறேன், அப்போதாவது ஓட்டுவாயா என்றேன், தூங்கிக்கொண்டிருந்த வீரணனை நான்தான் எழுப்பினேன், அவன் சாப்பிடக்கூட இல்லை.

அவர் இரண்டு கையாலும் வாயைப் பொத்தினார். விரல்களுக்கிடையே அது வந்துகொண்டே இருந்தது. மூட்டைகளின் மேலிருந்தவர்கள் வெற்றிலையைத் துப்பிவிட்டுக் காதைக் கொடுத்தார்கள். கழுகுமுனை எதிரே வந்தது, இடப்பக்கத்தில் பள்ளமும் அதில் பட்டை உரிந்த ஈட்டி மரமும் தெரிந்தன. ஒச்சப்பன் செத்த பிறகு காமுத்தாய் அந்த இடத்தில் ஒருநாளும் வண்டியை நிறுத்தியதில்லை, வேகத்தைக் குறைத்ததுகூட இல்லை, பார்வையைத் திருப்பாமல் கடந்து போய்விடுவாள்.

ஒரு மிதி மிதித்தாள். வளைவின் சரிவில், அத்தனை பாரத்தோடும், வண்டி சத்தமில்லாமல் நின்றது. ராசாங்கம் பேச்சுக்கும் பொத்திய கைகளுக்கும் நடுவே திணறி அவளைப் பார்த்தார். அவள் அவரைப் பார்க்கவில்லை. சாலையையே பார்த்துக்கொண்டு, காலை மிதியிலேயே வைத்துக்கொண்டு சொன்னாள்:

"கைய எடுத்துட்டு முழுசாச் சொல்லுங்க. வண்டி நிக்கும்."